செய்யாற்று வட்டாரச் சாயத்தொழிலும் வேதியியற் பட்டக் கல்வியும்

தமிழகத்தில் வேதியியற் கல்வி வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக் கழகத்தினின்றும் தொடங்கி, கல்லூரிகளையும் பேராசிரியர்களையும் வரிசையாகக் கூறி முடிப்பர். அம்முறை பிழையன்று. ஆயினும் அதனால் ஒரு வினா விடையின்றி நின்றுவிடுகின்றது. வேதியியல் கற்றுப் பட்டம் பெற்றோர் யாண்டுச் சென்றனர்? எத்தொழிலில் அமர்ந்தனர்? அவர்தம் கல்வி, நெடுங்காலமாக வேதியியற் செயல்களையே தொழிலாகக் கொண்டிருந்த சாயக்காரரின் தொட்டியை எட்டியதா? இவ்வினாவைச் செய்யாறு, ஆரணி ஆகிய ஊர்களை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என்னை? தமிழ்நாட்டில் பட்டுக்கு நிறமூட்டும் கலையும், தோல் பதனிடும் தொழிலும், பழைய அமிலத் தொழிற்சாலையும், பின்னாளில் தோன்றிய அரசினர் கல்லூரியும் ஒரு சிறு வட்டத்துள் அடங்கிக் கிடப்பது இப்பகுதியிலேயாம்.

சவ்வாது மலையிற் பிறந்து பாலாற்றிற் கலக்கும் செய்யாறு, மலைபடுகடாத்தில் சேயாறு எனப் பெயர் பெறும். அவ்வாற்றங்கரையில் உள்ள செய்யாறு நகரம் திருவோத்தூர் என்னும் பழம் பெயரும் திருவத்திபுரம் என்னும் பெயரும் உடையது. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். ஆரணியோ கமண்டல நாகநதியின் கரையது. இவ்விரண்டும் முன்பு வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1989இல் அது பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தின்பாற் பட்டன. காஞ்சிப் பட்டின் புகழ் நிழலில் ஆரணிப் பட்டு சற்றே மறைந்து நின்றபோதிலும், புவிசார் குறியீடு பெற்ற பட்டுகளுள் அதுவும் ஒன்று. ஆரணியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தறியொலி கேளாத தெரு அரிது.

தறிக்கு முன்னது சாயம். பழைய சாயக்காரர் செய்தவற்றை இற்றை வேதியியலின் துணைகொண்டு நோக்கினால், அவர் கைக்கொண்ட முறைகளின் நுட்பம் புலனாகும். அவுரி நீலத்தை எடுத்துக்கொள்வோம். அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, நீரைத் துடுப்பால் அடித்து, அடியிற் படியும் நீலத்தைத் திரட்டிக் கட்டியாக்குவர். அக்கட்டி நீரிற் கரையாது. கரையாத பொருள் நூலிற் பற்றாது. ஆதலின் சாயக்காரர் தாழியில் நீலத்தோடு சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் இட்டுப் புளிக்க வைப்பர். நொதித்தலால் தாழியில் உயிர்வளி நீங்கி நீலம் ஒடுக்கம் அடைந்து, மஞ்சளும் பச்சையும் கலந்த நீர்மமாகக் கரையும். அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்துக் காற்றில் விரித்தால், கண்முன்னே அது நீலமாக மாறும். ஆக்சிகரணம், ஒடுக்கம் என்னும் இரண்டும் இன்று கல்லூரி முதலாண்டு மாணாக்கர் மனப்பாடம் செய்யும் பாடம். சாயக்காரர் அவற்றைத் தாழியின் மணத்தாலும் நுரையின் நிறத்தாலும் அறிந்தனர். தாழி 'கெட்டுப்போகும்' நாளையும் முன்னறிந்தனர்.

செந்நிறத்துக்கு உரியது சாயவேர். இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர் அது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளைவது. படிகாரம் ஏற்றிய பருத்தி நூலை இவ்வேரின் கொதிநீரில் இட்டால் துவைப்பினும் வெயிலினும் மங்காத சிவப்பு ஏறும். இவ்வேரிலுள்ள நிறப்பொருள் அலிசரின். அது படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் நீரிலுள்ள சுண்ணத்தோடும் சேர்ந்தே நிலையான செந்நிறமாகும். 'இன்ன கிணற்று நீரே சிவப்புக்கு ஆகும்' என்று பழைய தொழிலாளர் கூறியதனைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளிவிடுதல் ஆகாது. சுண்ணம் மிக்க நீரையே அவர் தேர்ந்தனர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

பட்டின் நெறி வேறு. பருத்தி மரவகை இழை, பட்டோ புரதம். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. அதனைக் காரம் கலந்த கொதிநீரில் அவித்து நீக்கிய பின்னரே பளபளப்பும் மென்மையும் தோன்றும். காரம் மிகுந்தால் இழையே அழியும். குறைந்தால் பசை நின்று சாயம் திட்டுத்திட்டாகப் பற்றும். பட்டுக்குச் செந்நிறம் கொம்பரக்கினின்றும், மஞ்சளும் செம்மஞ்சளும் கபிலப் பொடியினின்றும் கிட்டின. கடுக்காயும் படிகாரமும் துணைப்பொருள்கள். சவ்வாது மலைக் கடுக்காய் இன்றளவும் பெயர் பெற்றது.

இத்துணை அறிவும் எழுத்தில் ஏறாத அறிவு. குடும்பத்துள் தந்தை மகற்கு ஓதிய அறிவு. அதன் வலிமையும் அதுவே, குறையும் அதுவே.

இனி மேனாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். 1856இல் இலண்டனில் பதினெட்டு அகவையினரான வில்லியம் பெர்க்கின், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். கரி எண்ணெய்யினின்றும் சாயம் பிறக்கும் என்பது அன்று வெளிப்பட்டது. 1868இல் கிரேபே, லீபெர்மன் என்னும் ஜெர்மானியர் இருவர் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அடுத்த ஆண்டே அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. நீலம் சற்றுக் காலம் தாழ்த்தியது. பாயர் 1880இல் அதனைத் தொகுத்தாராயினும், பாடிசே நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது 1897இலேதான். பின்னர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களில் அவுரி விளைத்த உழவர் நிலை என்னாயிற்று என்பதை விரித்துரைக்க வேண்டா. 1914இல் தொடங்கிய போரினால் ஜெர்மன் சாயம் வருவது தடைப்பட்டபோது அவுரி சில ஆண்டுகள் மீண்டும் தலைதூக்கிற்று. போர் முடிந்ததும் மீண்டும் சாய்ந்தது.

ஆயினும் செயற்கைச் சாயம் நம் சாயக்காரர் அனைவரையும் அழித்தது என்று பொதுப்படக் கூறுவோர் கூற்றை யாம் ஏற்பதற்கில்லை. மதுரைச் சௌராட்டிரர் இறக்குமதி அலிசரினைத் தயங்காது மேற்கொண்டு, தம் பழைய எண்ணெய்க் கார முறையோடு அதனை இணைத்துச் செல்வம் ஈட்டினர். வேர் தோண்டியவரும் அவுரி பயிரிட்டவரும் வாழ்விழந்தனர். நூல் தோய்த்தவர் பலர் வாழ்ந்தனர். அவர் இழந்தது வேறொன்று. முன்னர்த் தம் சாயத்தைத் தாமே ஆக்கி, அதன் இயல்பைத் தாமே அறிந்திருந்தவர், இப்பொழுது பிறர் ஆக்கி டப்பியில் அடைத்து அனுப்பிய பொடியை அறிவிப்புத் தாளின்படி பயன்படுத்துவோர் ஆயினர்.

இங்கு ஒரு செய்தி எம் உள்ளத்தை மிகவும் உறுத்துகின்றது. நம் கரையின் சாயவேரைப் பகுத்து அதன் நிறப்பொருள்களைத் தெளிவுற ஆராய்ந்தோர் ஆர்தர் பெர்க்கினும் அம்மெல் என்பாரும். ஆராய்ந்த இடம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம், ஆண்டு 1893. ஆர்தர் பெர்க்கின், ஊதாச் சாயம் கண்டவரின் புதல்வர். அப்பொழுது சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றி முப்பத்தாறு ஆண்டுகள் சென்றிருந்தன. கற்பித்தல், தேர்வு நடத்தல், பட்டம் வழங்கல் என்பனவே அன்றைப் பல்கலைக் கழகத்தின் பணி. ஆராய்தல் அதன் பணியாகக் கருதப்படவில்லை.

அன்று இயற்பொருள் நூல் கற்றுப் பட்டம் பெற்றோர்க்கு வாயில்கள் சில. ஒன்று ஆசிரியத் தொழில். மற்றொன்று சட்டம், வேதியியல் கற்றபின் சட்டம் பயின்று வழக்குமன்றம் புகுந்தோர் பலர். மூன்றாவது அரசினர் அலுவலகம். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற சி. வி. இராமன் 1907இல் நிதித்துறை அலுவலராக அமர்ந்ததே அக்கால நிலையைக் காட்டப் போதும். வேதியியலுக்கே உரிய பணிகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. நஞ்சும் குருதிக்கறையும் ஆய்ந்து கூறும் அரசாங்க இரசாயனப் பரிசோதகர் அலுவலகம், சுங்கச் சாலை ஆய்வுக்கூடம், கிண்டி கிங் நிலையம், கோவை வேளாண்மைக் கல்லூரியின் மண் ஆய்வுப் பிரிவு, நீலகிரியில் அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை என்பன அவை. இவற்றுள்ளும் மேற்பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியனவாயிருந்தன. செய்யாற்றுக்கு அணித்தான இராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தார் 1906இல் கந்தக அமிலமும் சூப்பர் பாசுபேட்டு உரமும் செய்யத் தொடங்கினர். தென்னாட்டின் புது வேதியியற் றொழிலுக்கு அதுவே தோற்றுவாய் எனலாம்.

போர்க்காலத்தில் சாயமும் மருந்தும் அரிதாகவே, அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1916 முதல் 1918 வரை இயங்கிய தொழிற்குழு, இந்தியாவுக்கென அரசினர் வேதியியற் பணித்துறை ஒன்று வேண்டுமென்றது. அதனை வகுக்க அமைந்த தார்ப்பு குழு 1920இல் அறிக்கை தந்தது. அக்குழுவில் இருந்த பிரபுல்ல சந்திர ராய் தனிக்குறிப்பு எழுதி மாறுபட்டார். பணித்துறை அமைத்தால் திறமுடைய இளைஞர் அனைவரும் அரசாங்க ஊழியராகிவிடுவர். வளர்க்க வேண்டியவை பல்கலைக் கழகங்களே என்பது அவர் கொள்கை. தாமே வங்க இரசாயனத் தொழிற்சாலையை நிறுவி நடத்தியவர் ஆதலின் அவர் சொல்லுக்கு எடை உண்டு. பிற்கால நிகழ்ச்சிகள் அவர் கருத்துக்குப் பெரிதும் சான்றாயின என்பதே எம் துணிபு.

சென்னை மாநிலக் கல்லூரியில் விமன் பிகாரி தே என்னும் வங்கப் பேராசிரியர் ஆராய்ச்சி நெறியைத் தொடங்கி வைத்தார். அக்கல்லூரியில் ஏறத்தாழ ஒரே காலத்திற் பயின்ற இருவரை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஒருவர் 1900இல் குளித்தலையிற் பிறந்த தி. இரா. சேஷாத்திரி, மற்றவர் 1901இல் சென்னையிற் பிறந்த கி. வேங்கடராமன். இருவரும் மான்செஸ்டர் சென்று இராபர்ட் இராபின்சனிடம் பயின்றனர். இராபின்சனோ பெர்க்கின் குடும்பத்தின் மற்றொரு புதல்வரிடம் பயின்று, பதங்கக் கட்டையைப் போன்ற சாயமரங்களின் செந்நிறப் பொருளை ஆராய்ந்தவர். ஆக, ஊதாச் சாயத்தில் தொடங்கிய ஆசிரிய மாணாக்கர் மரபு ஒன்று இவ்விரு தமிழரையும் வந்தடைந்தது.

இருவரும் நிறத்தையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டனர். சேஷாத்திரி தாயகம் மீண்டு சிலகாலம் கோவையில் ஆராய்ந்து, பின்னர் ஆந்திரப் பல்கலைக் கழகத்திலும், 1949 முதல் தில்லிப் பல்கலைக் கழகத்திலும் துறைத்தலைவராய் விளங்கினார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறம் முதலாக எண்ணற்ற தாவர நிறப்பொருள்களின் அமைப்பை அவரும் அவர் மாணாக்கரும் துணிந்தனர். வேங்கடராமன் இலாகூரிற் கற்பித்து, 1934இல் பம்பாய்ப் பல்கலைக் கழக வேதியியற் றொழில்நுட்பத் துறையை அடைந்தார். 1938இல் அதன் தலைவரானார். 1957இல் பூனாவிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். பேக்கர் என்பாரோடு அவர் பெயர் இணைந்த மாற்றவினை ஒன்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறுகின்றது. செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் 1952இல் வெளியிடத் தொடங்கிய பெருநூல் எட்டுத் தொகுதிகளாக விரிந்து 1978இல் நிறைவுற்றது. சாயத்தொழிலுடைய நாடுகள் அனைத்தும் போற்றும் நூல் அது.

சாயம் பற்றிய உலகப் பெருநூலை எழுதியவர் சென்னையிற் பிறந்தவர்; ஆனால் அவர்தம் மாணாக்கர் பணிபுரிந்த சாயத் தொழிற்சாலைகள் தமிழ்நாட்டில் எழவில்லை. காரணம் தேடுதல் அரிதன்று. பம்பாய்த் துறை 1933இல் தொடங்கப்பட்டபோதே நெசவு வேதியியலைத் தன் இரு பிரிவுகளுள் ஒன்றாகக் கொண்டது. பம்பாய், அகமதாபாத்து ஆலை முதலாளிகள் சாயத்தைப் பெருவாரியாக வாங்குவோர். கற்றவரைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளவும் வல்லவர். 1952இல் நேரு திறந்துவைத்த அதுல் தொழிற்சாலை போன்றவை மேற்குக் கரையிலேயே தோன்றின. ஆரணியின் பட்டு நெசவோ வீடுதோறும் சிதறிக் கிடப்பது. ஒரு சாயப் பட்டறை ஒரு நாளில் தோய்க்கும் பட்டு சில கட்டுகளே. முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க அப்பட்டறையால் இயலாது; பட்டம் பெற்றவரும் அங்கே செல்ல நினையார். கல்வியின் குறை என்று மட்டும் இதனைக் கூறிவிடுதல் நேர்மையாகாது. தொழிலின் அளவே இடையில் நின்ற மதில்.

தமிழ்நாட்டில் இம்மதிலைக் கடக்கச் செய்த முயற்சிகளும் உள. அழகப்பச் செட்டியார் கொடையால் 1944இல் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு வாய்த்த தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல், நெசவு, தோல் என்னும் மூன்றும் கற்பிக்கப்பட்டன. அவர் நிலமும் பொருளும் வழங்கியதனாலேயே மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பெற்றது. 1948இல் அடையாற்றில் தோன்றிய நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் இவற்றுள் தனிச்சிறப்புடையது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடுவோர் தம் ஐயங்களோடு அங்கே செல்வர். அங்குள்ளோர் தொழிற்கூடத்துக்கு வருவர். பட்டுச் சாயக்காரர்க்கு அத்தகைய நெருக்கம் வாய்த்திலது.

சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். தமிழ்த்துறை இதழில் அதனை விடுதல் முறையன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ் கிறீன் முயற்சியால் 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. பின்னர் 'இரசாயனம்' என்னும் வடசொல் நிலைபெற்றது. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் நண்பரும் அறிவியற் சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் அமைத்தனர். எளியோர்க்கு இக்கலையை விளக்க அவர் எழுதிய நூல் 'திண்ணை ரசாயனம்'. இன்று வழங்கும் 'வேதியியல்' என்பது, பொருளின் இயல்பை மாற்றுதல் என்னும் பொருள்படும் 'வேதித்தல்' என்பதனடியாகப் பிறந்தது. சித்தர் வழக்கில் உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தை 'வேதை' எனப்படும். ஈழத்தில் இன்றும் இரசாயனவியல் என்பதே வழக்கு. ஆயின் சொல்லாக்கக் குழுக்கள் சாயப் பட்டறையின் சொற்களைத் தேடிச் சென்றனவாகத் தோன்றவில்லை. காரம், படிகாரம் போன்ற சில சொற்கள் பாடநூலில் இடம்பெற்றன. நூல் சாயத்தைப் 'பிடித்தல்', தாழி 'கெடுதல்' போன்ற உயிருள்ள வழக்குகள் வெளியே நின்றுவிட்டன. நெசவாளர் வீட்டு மாணாக்கன் தன் தந்தையின் தொழிலையே பாடநூலிற் படித்தும் அதனை அடையாளம் கண்டுகொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகின்றோம்.

1960இல் கோவை அரசினர் கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டக்கல்வி தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் கல்லூரிகள் பெருகிய அப்பத்தாண்டில், 1967இல், செய்யாற்றில் அரசினர் கலைக் கல்லூரி தோன்றியது. பின்னர் அது அறிஞர் அண்ணா பெயர் தாங்கிற்று. சென்னைக்குச் சென்று விடுதியில் தங்க இயலாத குடும்பத்தார்க்கு அறிவியற் பட்டம் அருகிலேயே எட்டுவதாயிற்று. இதன் பயனைச் சிறிதென மதித்தல் கூடாது.

பட்டத்தின் பின் வாயில்கள் எவை? ஆசிரியத் தொழில் இன்றும் முதலிடத்தில் நிற்கின்றது. அதற்குக் கல்வியியற் பட்டமும் வேண்டும். செய்யாற்றுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளில் வேதியியலாளர் கரும்புச் சாற்றின் இனிப்பளவையும் தூய்மையையும் அரைவைக் காலத்தில் இரவும் பகலும் அளந்தறிதல் வேண்டும். அரைவை முடிந்தால் வேலையின் வேகமும் குறையும். மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இளநிலைப் பட்டதாரியையும் ஏற்கும். ஆராய்ச்சிப் பிரிவுக்கோ முதுநிலையும் அதற்கு மேலும் வேண்டும். மாநிலக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த தி. இரா. கோவிந்தாச்சாரி 1963இல் பம்பாயில் சிபா நிறுவன ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றமை, தொழில் நிறுவனமும் தூய ஆராய்ச்சிக்கு இடம் தரும் என்பதற்குத் தக்க சான்று.

இப்பகுதிக்கு மிகவும் உரியதாகிய பணி ஒன்று பின்னரே பிறந்தது. அதன் தோற்றம் மகிழ்ச்சிக்குரியதன்று. தோல் பதனிடுதலிற் பயன்படும் குரோமிய உப்புகளை ஆக்க இராணிப்பேட்டையில் 1975இல் தொடங்கிய அரசு சார்ந்த ஆலை, 1990களின் நடுவில் மூடப்பட்டது. நச்சியல்பு மிக்க அறுமதிப்புக் குரோமியம் அடங்கிய கழிவு, இலட்சக்கணக்கான டன் அளவில் அங்கேயே குவிந்து நின்று நிலத்தடி நீரிற் கசிந்தது. பாலாற்றுப் படுகையின் தோற்கழிவு பற்றி வேலூர்க் குடிமக்கள் நலக்குழு தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றது அத்தீர்ப்பினாலேயாம். அதன் பின்னர்ப் பொதுக் கழிவுநீர்த் தூய்மை நிலையங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வுக்கூடங்களிலும் நீரை அளந்து கூறும் வேதியியலாளரின் தேவை மிகுந்தது. சாயத்துக்கும் இத்தகைய நெருக்கடி வந்தது. உடலில் நச்சமீன்களாகச் சிதையும் அசோச் சாயங்கள் சிலவற்றை ஜெர்மனி 1990களின் நடுவில் தடுத்தது. 1997இல் இந்திய அரசும் தடை விதித்தது. அதுவரை நிறத்தையும் விலையையும் மட்டுமே நோக்கி வாங்கிய பட்டறைகள், பொடியின் உள்ளீடு யாது என்று முதன்முறையாக வினவலாயின.

அவ்வினாவுக்கு விடை கூற வல்லவர் வேதியியல் கற்றவரே. பட்டறையில் ஏற்கெனவே அறிந்த சிலவற்றையும் அவர் அங்கே கற்க வேண்டியிருக்கும். பசை நீங்கிய பட்டைக் கையால் தடவி, இன்னும் எத்துணை நேரம் அவிக்க வேண்டும் என்று கூறும் முதியவர் ஆரணித் தெருக்களில் இன்னும் உளர். பட்டம் பெற்ற இளைஞரிற் சிலர் தம் குடும்பப் பட்டறைக்கே மீள்வராயின், நீரின் காரத்தன்மையை அளக்கும் தாளும் நிறைகோலும் வெப்பமானியும் போதும்; பெரும் ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு நிறத்தை இரண்டாம் முறையும் பிழையின்றிப் பெறுதல், கழிவுநீரில் எஞ்சும் சாயத்தைப் பாதியாகக் குறைத்தல், அவுரியையும் கொம்பரக்கையும் விரும்பிக் கேட்கும் வாங்குவோர்க்கு அளவிட்ட முறையில் அவற்றை ஆக்கித் தருதல் ஆகிய மூன்றும் இளநிலைப் பட்டப் பாடத்தின் எல்லைக்குள் அடங்குவனவே. சேஷாத்திரியும் வேங்கடராமனும் தாவர நிறங்களைப் பற்றி எழுதியவற்றுள் இப்பணிக்குப் பயன்படுவன பல. அவை ஆங்கில ஆராய்ச்சி இதழ்களில் உள்ளன. அவற்றுட் பட்டுக்கு வேண்டியவற்றைத் தெரிந்து, சாயக்காரர் வழங்கும் சொற்களையே கொண்டு தமிழில் ஆக்கித் தரும் வேலையை வேதியியற் றுறையும் தமிழ்த்துறையும் சேர்ந்தே செய்தல் கூடும். செய்யாற்றுக் கல்லூரியில் இவ்விரு துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன.